சாய்ந்து நிற்கும் சக்கரம்



இங்கிலாந்து நாட்டில் பணிபுரியும் தம் மகனைக் குறித்து ஒரு தாயார் நமக்கு மடல் வரைந்துள்ளார். மகன் அங்கே பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் சிறு கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடக்கித் திறந்துகொள்ளும் ஸ்போர்ட்ஸ் கார் அது. வாங்கிய மகிழ்ச்சியில் படம் பிடித்து வீட்டிற்கு அனுப்பினான். படத்தைக் கண்ட தாயாருக்கு மனம் பதைத்துவிட்டது. முன்சக்கரங்கள் இரண்டும் நேராக நிற்கவில்லை. மேற்புறம் உள்நோக்கிச் சாய்ந்து, காலை அகட்டி ஊன்றிய மல்லனைப் போல் நிற்கின்றன. விபத்தில் அடிபட்ட வண்டியைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டார்களோ என்று ஐயுற்றுக் கேட்டால், "அது அப்படித்தான் இருக்கும் அம்மா, இன்னும் கொஞ்சம் சாய்க்கப் போகிறேன், நானே செய்துகொள்வேன்" என்கிறானாம். இது பழுதா, பைத்தியமா என்று அந்த அம்மையார் வினவுகிறார்.

சுருக்கமான விடை இதுதான்: சாய்வு மட்டுமே பழுதாகாது. வளைவுகளில் விரைந்து செல்வதற்கென்றே அமைந்த கார்களில் முன்சக்கரம் சிறிது உட்சாய்ந்து நிற்பது முறையான அமைப்பே. எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எதற்காகச் சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வுக்கு டயர் என்ன விலை கொடுக்கிறது என்பவைதாம் கேட்க வேண்டிய கேள்விகள். அம்மையாரின் அச்சம் வீணானதன்று. ஆயினும் அஞ்ச வேண்டிய இடம் அவர் கண்ட படத்தில் இல்லை. அது டயரின் உட்புற விளிம்பில் இருக்கிறது. எதிரே நின்று பிடித்த எந்தப் படத்திலும் அது தெரியாது.

இச்சாய்வைப் பணிமனைகளில் கேம்பர் என்பர். குருமடத்தில் இலத்தீன் மொழியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இச்சொல் பழைய உறவினர்தான். காமுருஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு வளைந்தது என்பது பொருள். வெர்ஜில் என்னும் உரோமைப் புலவர் தம் ஜார்ஜிக்ஸ் நூலின் மூன்றாம் பகுதியில், நல்ல பசுவின் இலக்கணம் கூறுமிடத்தில், உள்வளைந்த கொம்புகளுக்கு இச்சொல்லை ஆளுகின்றார். பசுவின் கொம்பிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாகக் காரின் சக்கரம் வரை ஒரு சொல் பயணம் செய்துள்ளது! நிற்க.

காரின் எதிரே நின்று நோக்குங்கால், சக்கரம் செங்குத்திலிருந்து எத்தனை பாகை, அதாவது எத்தனை டிகிரி, விலகியிருக்கிறது என்பதே கேம்பர் அளவு. மேற்புறம் வெளிநோக்கிச் சாய்ந்தால் அது நேர்ச்சாய்வு. உள்நோக்கிச் சாய்ந்தால் எதிர்ச்சாய்வு. மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில் முன்சக்கரங்கள் பெரும்பாலும் வெளிநோக்கியே சாய்ந்திருந்தன. நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்த அக்காலச் சாலைகளுக்கு அது பொருந்தியது; ஸ்டியரிங்கைத் திருப்பும் பளுவையும் குறைத்தது. டயர்கள் அகன்று, வேகமும் வளர்ந்தபின் நிலைமை மாறிற்று. அகன்ற டயர் தன் அகலம் முழுவதும் சாலையில் படிந்தால்தான் பிடிப்புத் தரும். இவ்வாறு படிய வைப்பதற்கே இன்றைய கேம்பர் அமைப்பு.

அப்படியானால் சக்கரத்தை நேராக நிறுத்திவிட்டால் போதாதா என்று வாசகர்கள் கேட்கலாம். நிற்கும் வண்டிக்குப் போதும். வளைவில் பாயும் வண்டிக்குப் போதாது. இடப்புறம் திரும்பும் காரின் உடல் வலப்புறம் சாய்கிறது. பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்வோர் இதை நன்கறிவர். அவ்வேளையில் பளுவின் பெரும்பகுதி வலப்பக்கச் சக்கரத்தின்மேல் விழுகிறது. உடல் 3 பாகை சாய்வதாக வைத்துக்கொள்வோம். உடலோடு பிணைந்த சக்கரமும் 3 பாகை வெளிநோக்கிச் சாய்ந்து, டயரின் வெளி விளிம்பில் மட்டும் நின்று தடுமாறும். பிடிப்பு மிகவும் வேண்டிய அந்த நொடியில் பாதி டயர் வேலை செய்யாமல் போகும்.

இதைச் சரிக்கட்ட மாஸ்டா காரில் இரட்டை விஷ்போன் என்னும் அமைப்பு உண்டு. சக்கரத்தை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் பற்றியிருக்கின்றன. மேற்கை குட்டை, கீழ்க்கை நீளம். ஆகவே வளைவில் உடல் தாழ்ந்து சக்கரம் மேலேறும்போது, குட்டையான மேற்கை சக்கரத்தின் உச்சியை உள்நோக்கி இழுத்துக்கொள்ளும். நம் எடுத்துக்காட்டில் இந்த இழுப்பு 1.5 பாகையை மீட்டுத் தருவதாகக் கொண்டால், எஞ்சிய 1.5 பாகைக்கு என்ன செய்வது? வண்டி நிற்கும்போதே 1.5 பாகை உட்சாய்த்து வைத்துவிட்டால், வளைவில் வெளிச்சக்கரம் நிமிர்ந்து சாலையில் முழுமையாகப் படியும். தம்பி படத்தில் காட்டிய சாய்வின் நோக்கம் இதுவே. உட்பக்கச் சக்கரம் அப்போது தவறான திசையில் சாய்ந்திருக்கும் என்பதும் உண்மைதான். அது தாங்கும் பளு குறைவு ஆதலால் அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இனி இதன் விலையைப் பார்ப்போம். ஒரு ரூபாய் நாணயத்தைத் தரையில் உருட்டிவிட்டால், அது எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே வளைந்தோடும். சாய்ந்த சக்கரமும் அவ்வாறே. இரு முன்சக்கரங்களும் சமமாக உட்சாய்ந்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளி, வண்டி நேரே செல்லும். ஒன்று கூடவும் மற்றது குறையவும் இருந்தால், சாய்வு குறைந்த பக்கமாக வண்டி இழுக்கும். இரு பக்கங்களுக்கும் இடையே அரைப் பாகைக்கு மேல் வேறுபாடு இருத்தலாகாது என்பது பணிமனைகளின் பொதுவான வழக்கம்.

நேர்ச்சாலையில் ஓடும் நேரமெல்லாம் பளு முழுவதும் டயரின் உள் விளிம்பில் குவிகிறது. அங்கே சூடு ஏறுகிறது, ரப்பர் தேய்கிறது. திடீரென்று பிரேக் பிடிக்கும் வேளையில் சாலையைப் பற்றும் பரப்பும் குறைகிறது. நெடுஞ்சாலையில் நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவன் நேரே ஓட்டும் தூரத்தையும், வளைவில் பாயும் தூரத்தையும் எண்ணிப் பார்த்தால், அவனுக்கு எவ்வளவு சாய்வு வேண்டும் என்பது தானே விளங்கும்.

இங்கே இங்கிலாந்தின் சட்டத்தில் ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். கார் டயரின் பள்ளங்கள் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழமாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் விதிக்கிறது. ஆனால் அந்த அளவு டயர் அகலத்தின் நடுவிலுள்ள முக்கால் பங்குக்கே உரியது. இரு ஓரங்களிலும் உள்ள அரைக்கால் பங்கு, அதாவது எட்டில் ஒரு பங்கு, அந்தக் கணக்கில் சேராது. மிகுந்த கேம்பரால் முதலில் தேய்வது அந்த உள்ளோரமே! நடுவே புதிய டயர் போல் பள்ளங்கள் விளங்க, உள்ளோரத்தில் ரப்பர் அழிந்து உள்ளிருக்கும் நூலிழைகள் தலைகாட்டிவிடக் கூடும். நூலிழை வெளிப்பட்ட டயரை அச்சட்டமும் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும், அதை நம்பி விரைவுச் சாலையில் ஏறலாகாது. இதைக் காண ஜாக்கி தேவையில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பிவிட்டு, கைவிளக்கொளியில் சக்கரத்தின் பின்புறம் குனிந்து நோக்கினால் போதும். தம்பி அந்த இடத்தைத்தான் படம் பிடித்துத் தாயாருக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

பந்தய உலகின் தலைசிறந்த பொறியாளர்களும் இவ்விடத்தில் அச்சம் கண்டதுண்டு. 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பெல்ஜிய நாட்டின் ஸ்பா தடத்தில் நடந்த பார்முலா 1 பந்தயத்திற்கு, முன்சக்கரங்களுக்கு 4 பாகைக்கு மேல் கேம்பர் வேண்டாம் என்று டயர் வழங்கிய பிரெல்லி நிறுவனம் அறிவுறுத்தியிருந்தது. ரெட்புல் அணி அதைக் கடந்து சாய்த்திருந்தது. தகுதிச் சுற்று முடிந்தபின் முன் டயர்களின் உள்ளோரம் சூட்டினால் கொப்புளித்திருக்கக் கண்டார்கள். அன்றைய விதிப்படி அதே டயர்களுடன்தான் பந்தயத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. மாற்றிக்கொள்ள இசைவு கிடைக்கவில்லை. ஓட்டுநர்களைச் சில சுற்றுகளிலேயே உள்ளே அழைத்து டயர்களை மாற்றினார்கள். முடிவில் செபாஸ்டியன் வெட்டல் முதலாவதாகவும், மார்க் வெபர் இரண்டாவதாகவும் வந்தனர். வெற்றி கிட்டியது, ஆனால் தாம் பங்குகொண்டவற்றுள் மிகவும் அச்சம் தந்த பந்தயங்களுள் அதுவும் ஒன்று என்று அவ்வணியின் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூயி பின்னர் கூறினார். 2013இல் சில்வர்ஸ்டோன் தடத்தில் பல கார்களின் டயர்கள் வெடித்தபின், கேம்பர் அளவு வெறும் அறிவுரையாக இராமல் கட்டாய வரம்பாயிற்று.

இனி மாஸ்டா காருக்கு வருவோம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் உலகிற்கு அறிமுகமான வண்டி இது. 1960களின் சிறிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை, சிறப்பாக லோட்டஸ் எலானை, மனத்திற்கொண்டு ஜப்பானியர் படைத்தார்கள். எடை ஓராயிரம் கிலோவுக்கும் குறைவு. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி ஹிரோஷிமா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இத்தனை பேர் இதை விரும்பியதற்கு ஒரு காரணம், உடையவனே அளவுகளை மாற்றிக்கொள்ளும்படி இதன் அமைப்பு இருப்பதேயாம். எல்லாக் கார்களுக்கும் அந்த வசதி இல்லை. பழைய எம்ஜிபி காரில் கேம்பரை மாற்ற எந்தத் திருகும் கிடையாது. போர்ஷே 911இல் ஸ்ட்ரட் என்னும் தூணின் தலைப்பகுதியை நீள்துளைகளில் நகர்த்த வேண்டும். லோட்டஸ் எலீஸில் மெல்லிய உலோகத் தகடுகளை எடுத்தோ சேர்த்தோ மாற்ற வேண்டும்.

மாஸ்டாவின் முன்சக்கரக் கீழ்க்கை, வண்டியின் உடலோடு இரண்டு இடங்களில் போல்ட்டுகளால் இணைகிறது. அந்தப் போல்ட்டுகளில் வட்டமான வில்லைகள் உள்ளன. துளை வில்லையின் நடுவில் இராமல் சற்று ஒதுங்கி இருப்பதால், போல்ட்டைத் திருப்பத் திருப்பக் கீழ்க்கை உள்ளும் வெளியுமாக நகரும். இரண்டு வில்லைகளையும் ஒருங்கே திருப்பிக் கீழ்க்கையை வெளியே தள்ளினால், சக்கரத்தின் அடிப்பாகம் வெளியே செல்ல, உச்சி உட்சாய்ந்தது போலாகும். ஒன்றை உள்ளும் மற்றொன்றை வெளியுமாகத் திருப்பினால், காஸ்டர் என்னும் முன்பின் சாய்வு மாறும். காஸ்டர்தான் ஸ்டியரிங்கைத் தானே நேராக்கித் தருவது. ஒன்றைக் கூட்டப் போய் மற்றொன்றை இழப்பது இவ்வமைப்பில் எளிது. ஆகையால் ஒரு வில்லையை மட்டும் திருப்பிவிட்டுக் கேம்பர் சரியாயிற்று என்று மகிழ்வது அறியாமை.

இதில் இங்கிலாந்துக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. அங்கே பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள். முப்பதாண்டு உப்பைக் குடித்த போல்ட்டு, ரப்பர் புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு துருவினால் ஒட்டிக்கொண்டிருக்கும். நெம்பித் திருப்பினால் போல்ட்டோடு ரப்பரும் முறுக்கிக் கிழியும்; வில்லை நகர்ந்ததாக நாம் எண்ணுவோம். சில நாள் முன்பிருந்தே துரு நீக்கும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருக்க வேண்டும். அப்போதும் அசையாவிடில் போல்ட்டை அறுத்தெடுத்துப் புதிது போடுவதே வழி. இவ்வேலையைப் பணிமனையிடம் விடுவது தம்பிக்குக் குறைவன்று.

தானே செய்வதென்று துணிந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டியின் அடியில் புகலாகாது. உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்த வேண்டும். அளக்கும் முன் டயர்க் காற்று சரியாக இருக்க வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும். இல்லையேல் தரையின் சாய்வைச் சக்கரத்தின் சாய்வென்று கணக்கிட்டுவிடுவோம். ஓட்டுநரின் எடைக்குச் சமமான மூட்டையை இருக்கையில் வைப்பதும் நல்லது. இத்தகைய எடை குறைந்த வண்டியில் ஓர் ஆளின் பளு அளவை மாற்றிவிடும். தேய்ந்து ஆடும் பால் ஜாயின்டையோ, கிழிந்த புஷ்ஷையோ வைத்துக்கொண்டு கேம்பரை அளப்பது ஆடும் நாற்காலியில் நின்று சுவரை அளப்பதற்கு ஒப்பாகும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி இருந்தால் நன்று. இல்லையெனினும் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றே தொடக்கத்திற்குப் போதும். சக்கரத்தின் அருகே நூலைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து உலோக விளிம்பின் மேற்புள்ளிக்கும் கீழ்ப்புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். இரு புள்ளிகளுக்கும் இடையே உயரம் 400 மில்லிமீட்டர் எனில், ஒவ்வொரு 7 மில்லிமீட்டர் வேறுபாடும் ஏறத்தாழ ஒரு பாகை. அரைப் பாகைக்கு மூன்றரை மில்லிமீட்டர். இதிலிருந்தே எத்துணை நுட்பமான வேலை இது என்பது விளங்கும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்கலாகாது. அப்போது சக்கரங்கள் உள்ளே இழுபட்டு நிற்கும். வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, அமர்ந்த பின்னரே அளக்க வேண்டும். போல்ட்டுகளின் இறுதி இறுக்கமும் வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே நடைபெற வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே தங்கி விரைவில் கிழியும்.

எவ்வளவு சாய்ப்பது? நாள்தோறும் சாலையில் ஓட்டி, விடுமுறையில் மலைப்பாதையில் மகிழ்பவனுக்கு ஒரு பாகையை ஒட்டிய எதிர்ச்சாய்வு போதும். தடத்தில் மட்டுமே ஓடும் வண்டிக்கு இரண்டு, மூன்று பாகை வரை வைப்பர். இதற்கு மேலும் சாய்த்து, வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, சக்கரங்கள் கூரை வேய்ந்தது போல் நிற்கக் காட்சிக்கு வைக்கும் ஒரு மோகமும் உண்டு. ஜப்பானியர் அதற்கு ஓனிக்யான் என்று பெயர் வைத்துள்ளனர். ஓனி என்றால் பூதம், க்யான் என்பது கேம்பரின் சுருக்கம். பூதக் கேம்பர்! பெயர் வைத்தவர் உண்மையை மறைக்கவில்லை. விரல் அகல ரப்பரில் ஒரு காரை நிறுத்துவது அழகென்று நமக்குப் படவில்லை. அது பொதுச் சாலையில் வருமாயின் எதிரே வருபவரின் உயிரும் அந்த விரலகலத்தில்தான் இருக்கிறது. தம்பியின் "இன்னும் கொஞ்சம்" இந்த வழியில் செல்கிறதா, வளைவில் டயர் படிவதற்காகவா என்பதை அவனே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்க வேண்டிய மற்றொருவர் டயர். வளைவுகள் நிறைந்த பாதையில் ஓட்டப் புறப்படுமுன், டயரின் வெளி ஓரத்தில் சுண்ணக்கட்டியால் கோடுகள் வரைந்துவிட வேண்டும். திரும்பி வந்தபின் கோடுகள் டயரின் பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால், சக்கரம் வளைவில் வெளி விளிம்பில் உருள்கிறது என்று பொருள். சாய்வைச் சிறிது கூட்டலாம். காற்றுக் குறைவாலும் இப்படி நேரும் ஆதலால் அதை முதலில் பார்க்க வேண்டும். கோடுகள் சற்றும் அழியாதிருந்தால், இருக்கும் சாய்வே அவன் ஓட்டும் வேகத்திற்கு மிகை. தடங்களில் டயரின் உள், நடு, வெளி ஆகிய மூன்று இடங்களிலும் வெப்பமானி குத்திப் பார்ப்பர். உட்புறம் சற்றே கூடுதல் சூடாக இருப்பது இயல்பு. மிகவும் கூடினால் சாய்வு மிகுதி.

இன்னொன்று. கேம்பரை மாற்றினால் டோ என்னும் அளவும் உடன் மாறிவிடும். மேலிருந்து நோக்கும்போது இரு சக்கரங்களின் முன்பகுதிகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்பதே டோ. ஆகையால் கேம்பர், காஸ்டர் இரண்டும் முடிந்தபின், கடைசியாக டை ராடுகளைத் திருகி டோவைச் சரிசெய்ய வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுபவர்களே பலர். பிறகு உள்ளோரம் தேய்ந்ததும் பழியைக் கேம்பர் மேல் போடுவர். ஒரு பாகை கேம்பர் டயரை மெல்லத் தேய்க்கும். தவறிய டோ சில வாரங்களில் தின்றுவிடும். எது குற்றவாளி என்பதைக் கையே சொல்லும். டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பார்த்தால், கேம்பரால் தேய்ந்த டயர் ஒரு பக்கமாக வழுவழுப்பாகச் சரிந்திருக்கும். டோவால் தேய்ந்ததோ ஒரு திசையில் மென்மையாகவும், எதிர்த்திசையில் அரத்தின் பல் போல் சொரசொரப்பாகவும் கையில் படும். அளவு மாற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இரு முன் டயர்களையும் இவ்வாறு தடவிப் பார்த்து, வில்லைப் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் மீண்டும் ஒருமுறை சோதித்தல் வேண்டும். தடவுமுன் டயரை ஆறவிடுவதும், நூலிழை தெரியும் இடத்தில் கை வைக்காதிருப்பதும் நன்று. அதன் இரும்புக் கம்பிகள் ஊசி போல் குத்தும்.